இன்ஜினுக்கு ஆறாயிரம் வெள்ளி, பிரேக்குக்கு அறுபது வெள்ளி இல்லையா?

சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேல் எங்கள் தாமான் நுழைவாயிலில் நின்றால் முதலில் சத்தம் வரும். கார் பிறகுதான் வரும். டர்போ விசிலடிக்கும். புகைக்குழாய் வெடிப்பது போல் இருமும். பக்கத்து வீட்டுப் பாட்டி சன்னலைச் சாத்திக்கொண்டே, "கட்டையில போறவனுங்க" என்று திட்டுவார். அதே நேரத்தில் எதிர்வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பையன் செருப்புகூடப் போடாமல் கேட்டருகே ஓடி வந்து, "அக்கா, அது சிவிக் இ.கே.! வீடெக் சத்தம் கேட்டீங்களா?" என்பான்.

ஜப்பானிய வேகக் கார்களைப் பற்றி நம் சமுதாயத்தில் பெரும்பாலும் இந்த இரண்டு குரல்களைத்தான் கேட்க முடிகிறது. ஒன்று சாபம், மற்றொன்று பரவசம். இரண்டிலும் விடுபட்டுப் போகும் ஒரு சொல் உண்டு: பராமரிப்பு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரை மாற்றியமைக்கும் ஆசை தவறில்லை. அது படித்துத் தேற வேண்டிய ஒரு தொழில்நுட்பம். ஆனால், ஓடும் சக்தியைக் கூட்டுவதற்கு முன் நிற்கும் சக்தியைச் சரிபார்க்காதவர் கையில் அந்தக் கார் அவருக்கும் ஆபத்து, எதிரே வருபவருக்கும் ஆபத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கெந்திங் இறக்கத்தில் கற்ற பாடம்

என் பெரியம்மா மகன் எனக்கு அண்ணன் முறை. எஸ்பிஎம் முடித்து வேலைக்குப் போன மறு ஆண்டே பழைய புரோட்டோன் வீரா 1.5 ஒன்றை வாங்கினார். அந்தக் காரின் இன்ஜின் சுமார் 90 குதிரைத்திறன் கொண்டது. காய்கறி வாங்கவும், தீபாவளிக்குத் தைப்பிங் போகவும் அது தாராளமாகப் போதும். அண்ணனுக்குப் போதவில்லை. ஹாப்கட் கடை ஒன்றில் மிட்சுபிஷி லான்சர் ஜி.எஸ்.ஆரின் 1.8 லிட்டர் டர்போ இன்ஜினைக் கியர்பெட்டியோடு ஆறாயிரம் வெள்ளிக்கு வாங்கிப் பொருத்தினார். அந்தப் பணத்தில் பாதி பெரியம்மாவின் சீட்டுப் பணம். காரின் சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்கானது. முன்பக்கம் சிறிய டிஸ்க், பின்பக்கம் டிரம் என்று பிரேக் மட்டும் அந்த 90 குதிரைக்கு அமைத்தபடியே இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கெந்திங் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். வேகமாகத்தான் வந்தோம், அதை மறைக்கப் போவதில்லை. "இன்னும் கொஞ்சம் போலாம் அண்ணே" என்று சொன்னதும் நான்தான். ஆறேழு வளைவுகள் தாண்டியதும் கருகிய வாடை வந்தது. அடுத்த வளைவில் அண்ணன் பிரேக்கை மிதித்தார். மிதிகட்டை தரையைத் தொட்டது, கார் நிற்கவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கினார், கைப்பிரேக்கை இழுத்தார், காரைச் சாலைத் தடுப்பில் உரசவிட்டார். நின்றோம். அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. எனக்குப் புருவத்துக்கு மேல் ஐந்து தையல். எதிரே யாரும் வராதது எங்கள் திறமையால் அல்ல.

காரை இழுத்துச் சென்ற பட்டறையில் மெக்கானிக் அங்கிள் பிரேக் எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் காட்டினார். கோப்பி ஓ மாதிரி கறுத்துக் கிடந்தது. "எப்ப மாத்தினே தம்பி?" என்று கேட்டார். அண்ணனிடம் பதில் இல்லை. கார் வாங்கிய நாளிலிருந்து யாரும் அதை மாற்றவில்லை. எண்ணெயும் கூலியும் சேர்த்து அறுபது வெள்ளிக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

அங்கே என்ன நடந்தது என்பதைப் படிவம் நான்கு இயற்பியல் தெரிந்த எவரும் புரிந்துகொள்ளலாம். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி வைத்திருக்கும் குறைந்த அளவு 155 டிகிரிதான். தொடர்ந்து இறக்கத்தில் மிதிக்க மிதிக்க பிரேக் சூடாகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகள் உருவாகின்றன. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழிகளைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை.

அந்தக் குவளையைப் பார்த்த அன்றுதான் இயந்திரப் பொறியியல் படிப்பது என்று நான் முடிவு செய்தேன்.

இந்தக் கார்கள் மேல் ஏன் இத்தனை மோகம்?

இந்த மோகத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. 1989 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் நிசான் நிறுவனம் 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ இன்ஜினுடன் ஆர்32 ஸ்கைலைன் ஜி.டி.ஆரை வெளியிட்டது. ஹோண்டா தன் வீடெக் தொழில்நுட்பத்தை இன்டெக்ரா காரில் அறிமுகப்படுத்தியது. இன்ஜின் வேகம் கூடும்போது வால்வுகள் திறக்கும் அளவையும் நேரத்தையும் மாற்றும் ஏற்பாடு அது. 1997-இல் வந்த சிவிக் டைப் ஆர், டர்போ இல்லாமலேயே 1.6 லிட்டரில் 185 குதிரைத்திறனை எட்டியது. எதிர்வீட்டுப் பையன் செருப்பில்லாமல் ஓடி வருவது சும்மா இல்லை.

இன்னொரு காரணம் சுவையானது. ஜப்பானிய உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் ஓர் எழுதாத உடன்பாடு வைத்திருந்தனர். தங்கள் நாட்டில் விற்கும் எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிக்கக் கூடாது என்பது அது. 2004 வரை அந்த எல்லை நீடித்தது. ஆனால் பொறியாளர்கள் இன்ஜின்களை அந்த எல்லைக்கு மேலும் தாங்கும்படிதான் கட்டினார்கள். 1993-இல் வந்த டொயோட்டா சுப்ராவின் 2ஜே.இசட். இன்ஜின் கனத்த வார்ப்பிரும்புக் கட்டமைப்பு கொண்டது. தொழிற்சாலை பயன்படுத்தாமல் விட்டுவைத்த அந்தத் தாங்குதிறன்தான், பின்னர் உலகமெங்கும் பட்டறைகளுக்கு விளையாட்டு மைதானமானது.

நம் நாட்டில் இந்தக் கலை பரவியதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1993-இல் வந்த வீராவும் மிட்சுபிஷி லான்சர் அடித்தளத்தில் உருவானவை. 1994-இல் வந்த பெரொடுவா கஞ்சில், டைஹட்சு மீராவின் உடன்பிறப்பு. ஆகவே ஜப்பானிலிருந்து வரும் இன்ஜினும் உதிரிப் பாகங்களும் நம் ஏழைக் கார்களில் அதிகச் சிரமமின்றிப் பொருந்தின. ஸ்கைலைன் வாங்க வசதியில்லாத தோட்டப்புறத்துப் பிள்ளையும் ஒரு கஞ்சிலில் டர்போ வைத்துப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. இது ஏழையின் கைக்கு எட்டிய பொறியியல் என்று சொன்னால் மிகையாகாது.

வாங்கும் வரிசையை மாற்றுங்கள்

நம் இளைஞர்கள் பணம் செலவழிக்கும் வரிசையைக் கவனித்திருக்கிறேன். முதலில் ரிம், பிறகு புகைக்குழாய், பிறகு டர்போ அல்லது இன்ஜின். கடைசியில் மிச்சமிருந்தால் டயர், பிரேக். இந்த வரிசை தலைகீழாக வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் காரை 120-க்குக் கொண்டுபோனால் வேகம்தான் இரண்டு மடங்கு. பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறி டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும்தான் இறங்கும். இன்ஜினை மாற்றிவிட்டு பிரேக்கை மாற்றாதவர் இந்தக் கணக்கில் பாதியை மட்டும் போட்டவர்.

ஆகவே முதல் செலவு பிரேக்குக்கு. எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா, பேடின் தடிமன் எவ்வளவு என்று பாருங்கள். மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் இறங்குங்கள்.

இரண்டாவது செலவு டயருக்கு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கோடுகள் ஆழமாகத் தெரிந்தாலும் பல ஆண்டுகள் வெயிலில் கிடந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும். நம் நாட்டு மாலை மழையில் அப்படிப்பட்ட டயரை நம்பக் கூடாது. காரில் எத்தனை குதிரைகள் இருந்தாலும் அது சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பரால்தான்.

மூன்றாவது, இன்ஜினின் உயிரைக் காக்கும் செலவுகள். டர்போ உள்ள காருக்கு எண்ணெய் மிக முக்கியம். டர்போவின் சுழல்தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். 'மினியாக் ஹித்தாம்' மாற்றுவதைச் சம்பள நாளுக்குத் தள்ளிப்போடுபவர் டர்போ வைத்துக்கொள்ளக் கூடாது. பழைய டர்போ இன்ஜினுக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல பழக்கம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல இன்ஜின்களில் அந்த பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை முட்டி வளைத்துவிடும். இன்ஜின் அங்கேயே முடிந்தது. ரேடியேட்டரையும் மறக்காதீர்கள். 1.5 லிட்டர் இன்ஜினுக்கான ரேடியேட்டரை வைத்து டர்போ இன்ஜினைக் குளிர்விக்க நினைப்பது, ஒரு குவளைத் தண்ணீரால் அடுப்புக் கட்டையை அணைக்கப் பார்ப்பது போன்றது.

பெட்ரோலும் ஒரு விஷயம். ஜப்பானில் இந்த வகை இன்ஜின்களுக்குப் பயன்படும் உயர்தரப் பெட்ரோல் பொதுவாக 100 ரோன் அளவில் விற்கப்படுகிறது. நம் நிலையங்களில் பெரும்பாலும் கிடைப்பவை 95, 97. ரோன் எண் குறைந்தால், அழுத்தத்திலும் சூட்டிலும் தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும்முன் பெட்ரோல் தானாகவே வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதைத்தான் 'நாக்கிங்' என்கிறோம். டர்போ அழுத்தத்தைக் கூட்டிவிட்டு, செலவை மிச்சப்படுத்த 95 ஊற்றினால் பிஸ்டனில் ஓட்டை விழும் நாள் தூரத்தில் இல்லை. இன்ஜின் கணினியைச் சரியாகச் சீரமைப்பவருக்கு இது தெரியும். "பூஸ்ட் ஏத்திக் குடுங்க" என்று மட்டும் கேட்கும் வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை.

இவையெல்லாம் முடிந்த பிறகு சக்தியைக் கூட்டுங்கள். யாரும் தடுக்கப் போவதில்லை.

ஹாப்கட் வாங்கும் முன்

நம்மிடையே ஒரு பேச்சு உலவுகிறது: "ஜப்பான்ல குறிப்பிட்ட கிலோமீட்டர் ஓடினதும் இன்ஜினை மாத்தணும்னு சட்டம். அதனால ஹாப்கட் எல்லாம் புதுசு மாதிரிதான் இருக்கும்." அப்படி ஒரு சட்டம் அங்கே இல்லை. அங்கே இருப்பது 'ஷாக்கென்' எனப்படும் கட்டாயப் பரிசோதனை. புதிய காருக்கு மூன்று ஆண்டுகள் கழித்தும், அதன் பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அது நடக்கும். செலவு அதிகம். போதாக்குறைக்கு 13 ஆண்டுகள் தாண்டிய காருக்கு எடை வரியும் ஏறுகிறது. அதனால் பலர் பழைய காரைக் கைமாற்றிவிடுகிறார்கள். நன்றாக ஓடிய காரும் வரும், விபத்தில் நொறுங்கிய காரும் வரும், எண்ணெயே மாற்றாத காரும் வரும்.

எனவே கடைக்காரர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு, கண்ணால் நீங்களே பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். எண்கள் சற்றே குறைவாக இருப்பதைவிட ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதே கெட்ட அறிகுறி. எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். இன்ஜின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

கெரானில் இருக்கும் எண்

ரசீது எதற்கு என்றால், சட்டத்துக்காக. இன்ஜின் மாற்றுவது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட காரியமில்லை. ஆனால் அதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். பரிசோதனையில் தேற வேண்டும். கெரானில் புதிய எண் பதிவாக வேண்டும். தொழிற்சாலையிலேயே பொருத்தப்படாத எச்.ஐ.டி. விளக்குகளுக்கு அனுமதியில்லை. கண்ணாடிக்கு இருள் தாள் ஒட்டுவதற்கும் 2019-இல் திருத்தப்பட்ட விதி இருக்கிறது: முன்கண்ணாடி வழியே 70 விழுக்காடும், முன் பக்கச் சன்னல்கள் வழியே 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பொதுச்சாலையில் பந்தயம் விடுவது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம்.

என் அண்ணன் எதையும் பதிவு செய்யவில்லை. "யார் பாக்கப் போறாங்க" என்றார். பார்த்தார்கள். விபத்துக்குப் பிறகு காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து இன்ஜின் எண்ணையும் கெரானையும் ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தவில்லை. இழப்பீடு மறுக்கப்பட்டது. வீட்டில் எல்லாரும் அந்த நிறுவனத்தைத் திட்டினார்கள்; எனக்கு அது அநியாயமாகத் தெரியவில்லை. 90 குதிரைத்திறன் கார் என்று சொல்லிக் காப்புறுதி வாங்கியவர்கள் நாங்கள்தானே. சேதமான சாலைத் தடுப்புக்குப் பணம் கட்டும்படி ஒரு கடிதமும் வந்தது. கார்க் கடனுக்குப் பிணையாகக் கையெழுத்துப் போட்டிருந்த பெரியம்மா, ஓடாத காருக்கு மாதாமாதம் பணம் கட்டினார். மணிக்கட்டு கூடும்வரை அண்ணன் வேலைக்குப் போகவில்லை. தகுதிகாண் காலத்தில் இருந்தவரை அந்தத் தொழிற்சாலை நிரந்தரமாக்கவும் இல்லை.

மாணவர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம்மில் பலர் ஓட்டும் கார் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ இருக்கிறது. நாம் சொல்லாமல் செய்யும் மாற்றத்துக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

திட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை

இதுவரை படித்துவிட்டு, "நாங்க அப்பவே சொன்னோம்" என்று தலையாட்டும் பெரியவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. இரவு இரண்டு மணி வரை பட்டறையில் குனிந்து வேலை பார்க்கும் பையனை உருப்படாதவன் என்று ஒதுக்காதீர்கள். பள்ளியில் கணிதத்தில் தேறாத அதே பையன் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம் 14.7-க்கு 1 என்று சொல்வான். டர்போ அழுத்தம் ஏறும்போது பெட்ரோலை ஏன் கூட்ட வேண்டும் என்று விளக்குவான். அவனுக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது?

1973-இல் யமஹாவில் பணிபுரிந்த ஹிரோயுக்கி ஹசெகாவா என்ற பொறியாளர், ஃபூஜி மலைக்கு அருகே ஒரு மாட்டுக்கொட்டகையில் இன்ஜின்களைச் சீரமைக்கத் தொடங்கினார். இன்று உலகம் அறிந்த எச்.கே.எஸ். நிறுவனம் அங்கேதான் பிறந்தது. மலைச்சாலைகளில் பெயரெடுத்த கெய்ச்சி சுச்சியா பந்தயத் தடத்துக்குச் சென்றார். 1995-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் வென்ற ஹோண்டா அணியில் அவரும் ஒருவர். நம் நாட்டைச் சேர்ந்த கரம்ஜித் சிங், 2002-இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி வெற்றியாளர் பட்டத்தை வென்றார். அவர் ஓட்டியது லான்சர் எவல்யூஷனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டோன் பெர்ட். அண்ணனின் வீராவுக்கு அது தூரத்துச் சொந்தம்தான். இவர்களுக்கும் நம் தாமான் பையன்களுக்கும் ஆசையில் பெரிய வேறுபாடு இல்லை. முறையாகக் கற்றுக்கொண்டதிலும், ஓட்டத் தகுந்த இடத்தில் ஓட்டியதிலும்தான் வேறுபாடு.

கற்பதற்கு வழி இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்., வாகனத் தொழில்நுட்பத்தில் முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலை வரை போகிறது. அதற்கு மேல் டிப்ளோமா, உயர்நிலை டிப்ளோமா என்று ஐந்தாம் நிலை வரை படிக்கலாம். எஸ்பிஎம் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறாதவர்களுக்கும் இங்கே கதவு திறந்திருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் இன்றும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் என்ற மூன்றுக்குக் கீழே எதுவும் கணக்கில் வருவதில்லை. "மெக்கானிக்கா?" என்று நாம் இழுக்கும் அந்த ஒற்றைச் சொல்லில் எத்தனை பிள்ளைகள் சுருங்கிப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நானும் இந்த இழுப்பைக் கேட்டவள்தான். முதல்முறை பட்டறைக்குப் போய் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டபோது அங்கிள், "பாப்பா, நீ போய் அந்த நாற்காலியில உக்காரு, கை அழுக்காயிடும்" என்றார். மூன்றாவது வாரம் அவரே என் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார். ஆண் பிள்ளைகள் உலகம் என்று நினைத்து ஒதுங்கி நிற்கும் தங்கைகளும் வரலாம். இன்ஜினுக்கு ஆண் பெண் தெரியாது.

"செப்பாங் பணக்காரனுக்குத்தானே?"

இந்தக் கேள்வியை நண்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 1999-இல் திறக்கப்பட்ட செப்பாங் ஓட்டப் பாதையில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்கள் இருக்கின்றன. கட்டணம், டயர், பெட்ரோல் எல்லாம் கூட்டினால் சம்பளம் குறைந்தவருக்குக் கட்டுப்படியாகாது. "சாலையில் ஓட்டாதே" என்று சொல்லும் சமுதாயம், "இங்கே ஓட்டு" என்று கைகாட்ட ஓர் இடமாவது வைத்திருக்க வேண்டும். பெரிய ஓட்டப் பாதை தேவையில்லை. வாரயிறுதியில் காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடத்தில் கூம்புகளை நட்டு, நேரம் குறித்து ஓட்டும் ஜிம்கானா போட்டி நடத்தலாம். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டாமலேயே ஓட்டுநரின் திறமை வெளிப்படும் விளையாட்டு அது. பங்கேற்கும் ஒவ்வொரு காருக்கும் பிரேக், டயர் சோதனை கட்டாயம் என்றால், பராமரிப்பும் தானாக வந்துவிடும். பல்கலைக்கழக மாணவர் கழகங்களும் நம் இளைஞர் இயக்கங்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு கலைநிகழ்ச்சி நடத்தும் நம்மால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதை நடத்த முடியாதா?

பட்டறை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்ஜின் மாற்ற வரும் இளைஞரிடம், பிரேக்கைப் பார்க்காமல் வேலையைத் தொடங்க மாட்டேன் என்று சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் போகலாம். அண்ணனிடம் யாராவது ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் என் புருவத்தில் இந்தத் தழும்பு இருந்திருக்காது.

அந்த வீரா இன்னும் பெரியம்மா வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அண்ணன் இப்போது எஸ்.கே.எம். மூன்றாம் நிலை படிக்கிறார். பகலில் பட்டறை வேலை. போன மாதம் இருவரும் சேர்ந்து பெரிய டிஸ்க் பிரேக் பொருத்தினோம். இன்ஜின் பதிவுக்கான பாரங்களை அவர் நிரப்பி வைத்திருக்கிறார். அது முடியும்வரை காரைச் சாலையில் எடுப்பதில்லை என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சாவி பெரியம்மாவின் சேலை முந்தானையில் முடிந்திருக்கிறது.

உங்கள் வீட்டு வாசலிலும் அப்படி ஒரு கார் நிற்கலாம். இந்த வார இறுதியில் பானட்டைத் திறந்து பிரேக் எண்ணெய்க் குப்பியை மட்டும் ஒருமுறை பாருங்கள். கோப்பி ஓ நிறத்தில் இருந்தால், அடுத்த பூஸ்டுக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்திலிருந்து அறுபது வெள்ளியை முதலில் அதற்குக் கொடுங்கள்.